தொட்டியில் மிதந்த தழை

தூங்கி எழுந்தும் கிருஷ்ணம்மாளுக்கு அலுப்புத் தீரவில்லை. ஆடிச் சாரல் ஓட்டின் மேல் விடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. முழங்கால் இரண்டும் பிடித்துக்கொண்டிருந்தன. ஏற்காடு கடைவீதியில் மெஸ் நடத்துகிறவளுக்கு முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார நேரம் ஏது? அடுப்பைப் பற்றவைத்தாள். பருப்பைப் போட்டாள். இட்லிக்குத் துணி விரித்தாள்.

சித்திரை வரைக்கும் அவளுடைய காலை வேலை அதோடு சரி. இப்போது இன்னொன்று சேர்ந்திருக்கிறது. பின்கட்டு அறையில் இரண்டு கண்ணாடித் தொட்டிகள். அவற்றுக்குள் மகன் ராஜேந்திரனின் கூனி இறால்கள்.

சிங்கப்பூரில் வண்ணமீன் பண்ணையில் வேலை பார்த்தவன் ராஜேந்திரன். சித்திரையில் ஊர் திரும்பியபோது, வீட்டுக்குத் துணிமணி, சென்ட்டு பாட்டில் என்று எதிர்பார்த்தவர்கள் முன்னால், காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளைத்தான் எடுத்து வைத்தான். உள்ளே நகத்தளவு கூனிகள், உடம்பெல்லாம் கறுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக.

"இதுக்குக் குளுந்த தண்ணிதாம்மா வேணும். சேலத்துச் சூட்டுல ஒரு நாள் தாங்காது. நம்ம மலைத் தண்ணிக்கு நல்லாப் பெருகும். பெரிய ஊருங்கள்ல இதெக் கண்ணாடித் தொட்டியில உட்டு அழகு பாக்கறதுக்குன்னே ஆளுங்க இருக்கறாங்க" என்றான்.

வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த அறையைக் கூனிக்குக் கொடுப்பதா என்று அவன் அப்பா பெரியசாமி கத்தினார். அவருக்கு மகன்மேல் கோபம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. போன லீவில் வந்தபோது, அவரை ஒரு வார்த்தை கேட்காமல், கொட்டச்சேடு கிராமத்துச் சித்தனின் மகள் ராசாத்திக்குத் தாலி கட்டிவிட்டான். மலைக்காட்டில் ராகியும் சாமையும் விதைக்கிற வீட்டுப் பெண். பெரியசாமி அன்றைக்கு மூடிய வாயை மருமகளிடம் இன்னும் திறக்கவில்லை. காபி வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துச் சொல்வார். ராசாத்தி சுவரிடமிருந்து கேட்டுக்கொண்டு கொண்டுவந்து வைப்பாள்.

ராஜேந்திரன் அம்மாவிடம் வெளிப்படையாகச் சொல்லியிருந்தான். "இது தேறுச்சுன்னா இங்கேயே இருந்துக்கறேன். இல்லாட்டி மறுபடியும் சிங்கப்பூர்தான். பண்ணைக்காரர் இப்பவும் வரச் சொல்றார்."

ராசாத்திக்கு இது மூன்றாம் மாசம். அவன் போய்விட்டால் பிள்ளை பிறந்து நடக்கிற வரைக்கும் அப்பன் முகம் பார்க்காது. அதனால்தான் கிருஷ்ணம்மாள் அந்தக் கூனிகளை மனசுக்குள் திட்டிக்கொண்டே காபந்து பண்ணினாள்.

புதன்கிழமை அவன் மெட்ராஸ் போயிருக்கிறான். வண்ணமீன் வியாபாரி ஒருவரை நேரில் கூட்டிவந்து காட்டப் போகிறான். நாளைக்கு வந்துவிடுவார்கள்.

"அத்தே! அத்தே, இங்க வாங்களேன்!"

பின்கட்டிலிருந்து ராசாத்தியின் குரல். கிருஷ்ணம்மாள் கரண்டியோடு ஓடினாள்.

பெரிய தொட்டியின் அடியில் கூனிகள் சாய்ந்து கிடந்தன. சில மல்லாந்து காலை மட்டும் உதறிக்கொண்டிருந்தன. இரண்டு மூன்று தண்ணீருக்கு மேலே துள்ளிக் கண்ணாடியில் மோதி விழுந்தன. தண்ணீர் மேல் ஒரு பச்சைத் தழை மிதந்துகொண்டிருந்தது. இன்னொன்று பாசிக்கல்லின் ஓரத்தில் சொருகிக் கிடந்தது.

ராசாத்தி அழுதுகொண்டே வேலை செய்தாள். டீ வடிகட்டியால் உயிரோடு இருந்தவற்றை ஒவ்வொன்றாக அள்ளி, பானையில் பிடித்து வைத்திருந்த ஊற்றுத் தண்ணீரில் விட்டாள். அவசரத்தில் ஒன்று தரையில் விழுந்தது. அதையும் எடுத்துப் போட்டாள்.

"என்ன புள்ளெ ஆச்சு?"

"தெரியலீங்க அத்தே. வந்து பாத்தா இப்புடிக் கெடக்குதுங்க."

கிருஷ்ணம்மாளின் கண் தழையிலேயே நின்றது. பட்டுப்பூச்சிக்குப் போடுகிற மல்பெரித் தழை. அது யார் கொண்டுவருகிற தழை என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இந்தக் கூனிகளைப்போல் வாய்க்கு ருசி பார்க்கிற ஜீவனை அவள் கண்டதில்லை. மூன்று வேளையும் ஊருக்கே ஆக்கிப் போடுகிறாள். ஒருத்தரும் இப்படி முகம் திருப்பியதில்லை. ராஜேந்திரன் கொண்டுவந்த தீனி தீர்ந்ததும் சேலத்தில் மீன் தீனி வாங்கிப் போட்டார்கள். கிட்டேயே வரவில்லை. வேகவைத்த கேரட்டைச் சுற்றிக்கொண்டு போயின. பசலைக்கீரையை ஒரு நாள் தின்றன, மறுநாள் சீண்டவில்லை. முட்டை மஞ்சள் கரைத்து ஊற்றினால் தண்ணீர்தான் நாறியது. பாசியையும் மக்கிய இலையையும் மட்டும் சலிக்காமல் சுரண்டிக்கொண்டிருந்தன. குஞ்சு பொரிக்கத் தெம்பு வேண்டுமே என்று ராஜேந்திரன் தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது, ராசாத்திதான் அப்பா வீட்டு வேலியிலிருந்து மல்பெரித் தழை பறித்துவந்தாள். வெந்நீரில் ஒரு முக்கு முக்கிப் போட்டாள். அத்தனையும் ஓடிவந்து மொய்த்துக்கொண்டன. நரம்பு மட்டும் மிச்சம். அதிலிருந்து அந்தத் தழைதான் தீனி. தின்று மீந்ததைப் பொழுதோடு எடுத்துவிட வேண்டும், வாரத்தில் ஒரு நாள் ஒன்றும் போடாமல் பட்டினி விட வேண்டும். இது ராஜேந்திரன் சொன்ன கணக்கு.

"தழை நல்ல தழைதானா பாத்துப் போட்டியா?" என்றாள் கிருஷ்ணம்மாள்.

ராசாத்தி நிமிர்ந்தாள். "நான் நேத்து ஒண்ணுமே போடலீங்க அத்தே. நேத்துப் பட்டினி நாளு."

"அப்பறம் இது தானா நடந்து வந்து விழுந்துச்சா?"

"நான் போடறது அடியில போயித் தங்குமுங்க. வெந்நீர்ல முக்கினா மெதக்காது. இது பச்சையா மெதக்குது பாருங்க." தழையை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். அதன்மேல் அங்கங்கே வெளிறிய நீலமாகத் திட்டுத் திட்டாய் ஒட்டியிருந்தது. "இது காப்பிக்கும் மொளகுக் கொடிக்கும் அடிக்கற மருந்துங்க. மயில்துத்தம். அது ஒரு துளி பட்டாலும் கூனி சாகும்னு அவர் சொல்லியிருக்கறார். எங்க காட்டுல மருந்தே அடிக்கறதில்லீங்க."

வாசல் பக்கம் நிழலாடியது. பெரியசாமி அறைக் கதவருகே வந்து நின்றிருந்தார். தோளில் துண்டு இல்லை. தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்னால் மெஸ்ஸில் யாரோ மேஜையைத் தட்டி, "இட்லி வருமாங்க, வராதாங்க?" என்றார்கள். சாம்பார் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. கிருஷ்ணம்மாளுக்குத் தலைக்குள் ஏதோ அறுந்ததுபோல் இருந்தது.

"உங்க காட்டுத் தழை, எங்க காட்டுத் தழைன்னு எனக்கு என்ன தெரியும்? இந்த ஊட்டுக்குத் தழை கொண்டார்றவ நீ ஒருத்திதான். நாளைக்கு அவன் ஆளக் கூட்டிட்டு வந்து நிப்பான். எதெக் காட்டுவ? எம்மவனெ மறுபடியும் கப்பலேத்தி உட்டுட்டுத்தான் ஓய்வ போலிருக்குது!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. ராசாத்தியின் முகம் வெளுத்துப்போனது. அவள் மாமனாரை ஒரு தரம் பார்த்தாள். அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். ராசாத்தி திரும்பிக் கீழே குனிந்து, செத்த கூனிகளை வடிகட்டியில் பொறுக்க ஆரம்பித்தாள்.

கிருஷ்ணம்மாள் அடுப்படிக்கு ஓடினாள்.

கூட்டம் ஓய்ந்து அவள் பின்கட்டுக்கு வந்தபோது, தொட்டி அலம்பிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பிழைத்தவை பானையில் இருந்தன. தழை விழாத சின்னத் தொட்டியின்மேல் ஒரு தட்டுப் போட்டு மூடி, அதன்மேல் கல் வைத்திருந்தது. கொடியில் ராசாத்தியின் புடவை இல்லை. அவளுடைய பையும் இல்லை.

பக்கத்துக் கடைக்காரி எட்டிப் பார்த்துச் சொன்னாள். "உங்க மருமக பையோட பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனாளேக்கா. கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சு. காலையில இருந்து பச்சத் தண்ணிகூடக் குடிக்கலியாட்ட இருந்துச்சு."

பின்னாலேயே போயிருக்கலாம். கிருஷ்ணம்மாள் போகவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் அரிசி களையவில்லை. அதைவிட, போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. கோபம் இன்னும் பாதி இருந்தது. மீதிப் பாதியில் ஒரு கூச்சம். இரண்டையும் சேர்த்துச் சுமந்துகொண்டு அவள் அரிசியைக் களைந்தாள்.

பெரியசாமி சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தார். வாய்க்குப் போகவில்லை.

"எத்தனை செத்துச்சு?" என்றார்.

கிருஷ்ணம்மாள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். சித்திரையிலிருந்து இன்றைக்குக் காலை வரை அந்த அறைப்பக்கம் கால் வைக்காத மனுஷன். அன்றைக்குக் கத்தியதற்குப் பிறகு கூனி என்ற வார்த்தையைக்கூட வாயில் எடுக்காதவர்.

"பாதிக்கு மேல போச்சு. உங்களுக்கு என்ன அதெப்பத்தி?"

"சும்மா கேட்டேன்" என்று எழுந்து கை கழுவினார். இலையில் சோறு அப்படியே இருந்தது.

சாரல் கொஞ்சம் விட்டதும் அவள் துணி ஊறவைக்கப் போனாள். அழுக்குத் துணியைப் பிரிக்கும்போது அவருடைய துண்டு அடியில், வேட்டிக்குள் சுருட்டி வைத்ததுபோல் இருந்தது. உதறினாள். வெள்ளைத் துண்டின் நடுவில் நீலத் திட்டுகள். ஒரு மூலையில் கசங்கிய தழையின் காம்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனாள். பெரியசாமி கல்லாவில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மடியில் துண்டைப் போட்டாள்.

"நேத்துப் பொழுதோட அந்தப் பக்கம் போனேன்" என்றார் அவர், தெருவைப் பார்த்தபடியே. "அவன் போகறப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலியே, அப்புடி என்னதான் இருக்குதுன்னு எட்டிப் பாத்தேன். எல்லாம் கண்ணாடிகிட்ட வந்து நின்னுச்சுங்க, புள்ளெ. என்னெயே பாத்துட்டு. உள்ள ஒரு தழையில்ல, ஒண்ணுமில்ல. அந்தப் புள்ளெ மறந்துட்டாளாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். எஸ்டேட்டு வேலியோரமா அதே செடி நிக்குது, நடந்து போறப்ப பாத்திருக்கறேன். போயிப் பறிச்சுக்கிட்டு வந்து போட்டேன்."

"மருந்தடிச்சிருக்கறது கண்ணுக்குத் தெரியலியா?"

"இருட்டிக்கிட்டு வந்துச்சு. மழை வேற."

"போட்டமே, போட்டுட்டேன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன? இன்னிக்குப் பட்டினி நாளு, எடுத்துருங்க மாமான்னு அப்பவே சொல்லியிருப்பாளே! தொட்டிக்குப் பத்தடியிலதான நின்னு துணி மடிச்சுக்கிட்டு இருந்தா?"

பெரியசாமி மடியில் கிடந்த துண்டின் நீலத் திட்டை நகத்தால் சுரண்டினார்.

"சரி, நேத்துச் சொல்லலெ. காத்தால அங்கதான நின்னீங்க? நான் அந்தப் புள்ளெய அவ்வளவு பேச்சுப் பேசறேன், கல்லாட்ட நின்னுக்கிட்டு இருந்தீங்களே!"

"வாய் வரலெ" என்றார். "இத்தனை நாள் பேசாம இருந்துட்டு, மொத மொதல்ல பேசறது இதுவான்னு..."

கிருஷ்ணம்மாளுக்கு அவரைத் திட்டத் தெம்பில்லை. திட்டினால் பாதித் திட்டுத் தனக்குச் சேர வேண்டியது. அவள் உள்ளே போய் இரண்டு அடுப்பையும் அணைத்தாள். கொதித்துக்கொண்டிருந்த பாலை இறக்கி வைத்தாள். கதவுப் பலகையை எடுத்துச் சாத்த ஆரம்பித்தாள்.

"என்ன பண்ற? பொழுதுக்குத்தான் தோசைக்கு ஆளுங்க வருவாங்க."

"வரட்டும். இன்னிக்கு யாருக்கும் ஒண்ணுமில்ல. எந்திரிங்க, கொட்டச்சேட்டுக்குப் போகோணும்."

"நானா?"

"ஏனுங்க, நான் பேசினதுக்கு நான் வர்றேன். நீங்க பேசாததுக்கு நீங்க வாங்க."

கொட்டச்சேடு வரை போக வேண்டியிருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டிலேயே ராசாத்தி இருந்தாள். காலையில் போக வேண்டிய பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டதாம். பனி இறங்கி எதிர்க் கடையே தெரியவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக அவள் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அங்கேயேதான் இருந்திருக்கிறாள். கூப்பிடு தூரத்தில் வீடு. யாரும் வந்து பார்க்கவில்லை.

இவர்களைப் பார்த்ததும் ராசாத்தி எழுந்து நின்றாள்.

பெரியசாமி அவள் முன்னால் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். வேட்டி முனையைச் சரி பண்ணினார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பஸ்ஸு வரலியா?" என்றார்.

மருமகளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"இன்னும் வரலீங்க மாமா."

"அந்தத் தழையெப் போட்டது நாந்தான்."

ராசாத்தி தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியுமுங்க மாமா."

"தெரியுமா?"

"காத்தால கதவுகிட்ட நின்னீங்களே, உங்க வெரல்ல நீலம் இருந்துச்சுங்க. எங்கூர்ல மருந்தடிக்கப் போயிட்டு வர்ற ஆளுங்க கையெல்லாம் அப்புடித்தான் இருக்கும்."

கிருஷ்ணம்மாளால் சும்மா இருக்க முடியவில்லை. "அப்பவே சொல்றதுக்கென்ன கண்ணு? நான் அத்தனெ பேசறப்ப வாயெ மூடிக்கிட்டு நின்னியே!"

ராசாத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் சொல்லி, மாமா இல்லேன்னு சொல்லியிருந்தா என்ன பண்றதுங்க அத்தே? நீங்க யாரெ நம்புவீங்க? அதுக்கப்பறம் அந்த ஊட்டுல நான் எப்புடி இருக்கறதுங்க?"

பெரியசாமி துண்டால் முகத்தைத் துடைக்கக் கை தூக்கினார். தோளில் துண்டு இல்லை. கையை என்ன செய்வதென்று தெரியாமல் இறக்கிக்கொண்டார்.

"வா சாமி, ஊட்டுக்குப் போலாம்" என்றாள் கிருஷ்ணம்மாள். அவள் கையைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது. "நான் பேசினது தப்பு. அலுப்புல வாய் தவறிப்போச்சு."

"எனக்கும் நொம்ப அலுப்பா இருக்குதுங்க அத்தே." ராசாத்தி கையை உதறவில்லை, மெதுவாக விடுவித்துக்கொண்டாள். "கோவமெல்லாம் இல்லீங்க. ரெண்டு நாளைக்கு எங்கம்மா ஊட்டுல படுத்துத் தூங்கிட்டு வர்றேனுங்க. அங்க போனா ஒரு வாய் கஞ்சியாச்சும் எறங்கும்."

வேண்டாம் என்று சொல்லக் கிருஷ்ணம்மாளுக்கு வாய் வரவில்லை. தானும் அப்படி எங்கேயாவது போய்ப் படுத்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று தோன்றியது.

பனிக்குள்ளிருந்து ஆரன் சத்தம் கேட்டது. கொட்டச்சேடு பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியது. ராசாத்தி படியில் கால் வைத்தவள் திரும்பினாள். அத்தையைப் பார்க்கவில்லை, மாமனாரைப் பார்த்தாள்.

"மாமா, பானையில இருக்கறதுக்கு ரெண்டு நாளைக்கு ஒண்ணும் போடாதீங்க. சின்னத் தொட்டியில இருக்கற பாசிக்கல்லெ மட்டும் எடுத்து உள்ள வெச்சுடுங்க. அதெச் சொரண்டித் தின்னுக்கும். சின்னத் தொட்டியில இருக்கறது கண்ணாடிகிட்ட வந்து நின்னாலும் போட வேண்டாமுங்க. அதுங்க எப்பவும் அப்புடித்தான் வந்து நிக்கும்."

"செரி கண்ணு" என்றார் பெரியசாமி. "கையெக் கழுவிட்டு எடுக்கறேன்."

பஸ் கிளம்பியது. அவர் அது மறைகிற வரைக்கும் நின்றார்.

"வாங்க, போலாம்" என்று கிருஷ்ணம்மாள் திரும்பியபோது, மலை ஏறிவந்த சேலம் பஸ் எதிரே வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். கடைசியில் ஒரு கனத்த மனிதர், மெட்ராஸ் ஆள் என்று பார்த்தாலே தெரிந்தது, குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு இறங்கினார். அவர் பின்னாலேயே ராஜேந்திரன். நாளைக்கு வர வேண்டியவன்.

அம்மாவையும் அப்பாவையும் ஒன்றாக பஸ் ஸ்டாண்டில் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. தன்னை வரவேற்க வந்திருப்பதாக நினைத்துவிட்டான்.

கிருஷ்ணம்மாள் எங்கிருந்து ஆரம்பித்து எதைச் சொல்வாள்?

"நீ இங்கயே இரு" என்றார் பெரியசாமி. "நான் சொல்றேன் அவங்கிட்ட."

அவர் நடந்தார். கிருஷ்ணம்மாள் பக்கத்திலிருந்த சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள். விடிந்ததிலிருந்து அவள் ஆற அமர உட்கார்ந்தது இப்போதுதான். அப்பனும் மகனும் பேசுவது அவளுக்குக் கேட்கவில்லை, பார்க்கத்தான் முடிந்தது. பெரியசாமி நிறையப் பேசினார். நடுவில் ஒரு தரம் தன் விரல்களை விரித்துக் காட்டினார். ராஜேந்திரன் தலையைக் கையால் பிடித்துக்கொண்டான். பிறகு ஏதோ கேட்டான். அவர் கொட்டச்சேடு ரோட்டுப் பக்கம் கையை நீட்டினார்.

ராஜேந்திரன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கையிலிருந்த பெட்டியை அப்பாவிடம் கொடுத்தான். மெட்ராஸ்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாடகை ஜீப்புகள் நிற்கிற இடத்தைப் பார்த்து வேகமாக நடக்க ஆரம்பித்தான்.

"ஹலோ, மிஸ்டர் ராஜேந்திரன்! என்ன சார் இது, எறால் எங்கே?" என்று மெட்ராஸ்காரர் கூவினார். அவன் திரும்பவில்லை. ஜீப் ஒன்று உறுமிக்கொண்டு கிளம்பியது.

மெட்ராஸ்காரர் நடு ரோட்டில் பையோடு நின்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்ற பெரியசாமியை ஏற இறங்கப் பார்த்தார். சேலம் பஸ்ஸை ஒரு தரம் பார்த்தார். அது திரும்பிப் போகத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. கண்டக்டர், "சேலம், சேலம்" என்று கூப்பிட்டார். மனிதர் அந்தப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார்.

கிருஷ்ணம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஏனுங்க தம்பி, நில்லுங்க!" என்று குரல் கொடுத்துக்கொண்டே பனிக்குள் நடந்தாள். "ஊடு பக்கத்துலதானுங்க. மொதல்ல வந்து ஒரு வாய் காப்பி குடிங்க."